இரவு ஒரு மணி வரை போன்: குறைத்தவர்கள் வழி சொல்லுங்கள்

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி), இரவு 12:52

எல்லோருக்கும் வணக்கம். மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையை இரவு ஒன்பதுக்குச் சாத்திவிடுவேன், ஆனால் வாட்ஸப்புக்கு ஷட்டர் கிடையாது. ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் மெடிக்கல்காரர்கள் அவர்கள் கடையை மூடிய பிறகுதான் ஸ்டாக் பார்த்து ஆர்டர் அனுப்புவார்கள். பத்தரைக்கு ஒரு ஆர்டரைப் பார்க்கப் போனை எடுப்பேன். பார்த்து முடித்ததும் விரல் ரீல்ஸ் பக்கம் போய்விடும். நிமிர்ந்தால் ஒரு மணி.

காலையில் தலை கனம். யார் என்ன கேட்டாலும் எரிச்சல். ஒன்றும் நடக்காமலே நெஞ்சு படபடப்பு. பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது. டாக்டர் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

'போனைத் தூக்கிப் போடு' என்ற அறிவுரை வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வியாபாரமே அதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே குறைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முள்ளுக்கத்தரி (அணைக்கட்டு)

கேள்வியைப் போட்ட நேரம் 12:52. நோய் உறுதியாகிவிட்டது சார்.

வெயிலூரான் (பெங்களூரு, சொந்த ஊர் காட்பாடி)

அண்ணா, முதலில் உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை விடுங்கள். ஆப் எழுதும் தொழிலில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பழைய இணையப் பக்கங்களில் கீழே வந்தால் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்துவதற்கு முன் ஒரு நொடி கை நிற்கும். போதும், எழுந்து போகலாம் என்று தோன்ற அந்த ஒரு நொடி போதும். 2006-ல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். அதற்கு மேல், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. எழுந்து போக ஒரு வாசல்கூட விட்டுவைக்கவில்லை.

இன்னொன்று. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களைப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். எத்தனை கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸும் அப்படித்தான். ஒன்பது குப்பை வரும், பத்தாவது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். அது எப்போது வரும் என்று தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். முகப்புப் பக்கம் காலியாக வரும். வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம், அதுவாகக் கொண்டுவந்து கொட்டாது. இன்ஸ்டாவைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கம்ப்யூட்டரில் பாருங்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று 2018-லிருந்தே இருக்கிறது. ஆப்புக்கு நேர வரம்பு வைக்கலாம், படுக்கும் நேரத்தில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கலாம். ஆனால் அந்த வரம்பை நீக்கச் சில தட்டு போதும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கோட்டை_மைதானம் (வேலூர்)

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிலோன் ரேடியோ கேட்டால் பையன் உருப்படமாட்டான் என்றார் என் அப்பா. என் பிள்ளைகள் காலத்தில் டிவியைச் சொன்னோம். இப்போது போன். ஆக்ஸ்ஃபோர்டில் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி என்ற இருவர் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவைப் பார்த்தார்கள். மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். நூறில் அரைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் போனைக் குற்றம் சொன்னால் கடன், பரீட்சை பயம், வீட்டுச் சண்டை எல்லாம் தப்பித்துக்கொள்கின்றன.

நைட்_டூட்டி (பாகாயம்)

சார் சொன்ன ஆய்வு சரிதான். ஆனால் அது சராசரிக் கணக்கு. நான் மனநலப் பிரிவில் செவிலியர். என் முன்னால் வந்து உட்கார்பவர்கள் சராசரியாக இருப்பதில்லை. ஒரே மூன்று மணி நேரம்தான், ஒருவருக்கு அது வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேச்சு, இன்னொருவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முன்னாள் காதலியின் படங்கள். மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நோயாளியிடம் எவ்வளவு நேரம் என்பதோடு, எப்போது, எதற்காக, பார்த்து முடித்த பிறகு மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்போம்.

எது முதல், எது பின்பு என்பதும் சிக்கல். மனச்சோர்வு உள்ளவர் வெளியே போக மாட்டார், படுத்தபடி போனைப் பார்ப்பார். வீட்டில் 'போனால்தான் இப்படி ஆகிவிட்டான்' என்பார்கள். போனைப் பிடுங்கினால் சோர்வு அப்படியே இருக்கும், பேச்சுத் துணை மட்டும் போயிருக்கும்.

'மொபைல் அடிமை' என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ கேம் சார்ந்த கோளாறு இருக்கிறது, போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒன்று இல்லை. கேம் விஷயத்திலும் கட்டுப்பாடு கைமீறி, மற்ற வேலை எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல், வழக்கமாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள்.

பாலாற்றங்கரை அண்ணா, உங்கள் படபடப்புக்கு இங்கே யாரும் பெயர் வைக்க முடியாது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். திரை வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பயமுறுத்துகிறார்கள். பாஸ்டனில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2014 கடைசியில் வெளிவந்தது. படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் பிடிக்கச் சராசரியாக 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. உங்களுக்குப் போவது இரண்டரை மணி நேரம். மஞ்சள் வெளிச்சம் போட்டுக்கொண்டு ஒரு மணி வரை பார்த்தால் என்ன பயன்?

ஜங்ஷன்_காரன் (காட்பாடி)

என் பிரச்சினை வேறு. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய், ராத்திரிதான் திரும்புகிறேன். வீட்டுக்கு வந்தால் மனைவி போனும் கையுமாக. பதினோரு மணிக்கு மேலும் சீரியல் துண்டு, சமையல் வீடியோ. சொன்னால் சண்டை. இதற்கு ஏதாவது லாக் ஆப் இருக்கிறதா?

*(ஒரு ஆப் விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. நடுவர்)*

ஷூ_கம்பெனி (ஆம்பூர்)

லாக் ஆப்பா? அண்ணா, ரயிலில் போகவர நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், வயலையா?

நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடியும்வரை போன் கையில் இல்லை. லைனில் இருக்கும் எந்தப் பெண்ணும் கை நடுங்கி விழுந்ததில்லை. போன் நினைப்பே வராது. சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம், சிரிப்போம், ஒருத்தி குழம்பை இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். அதே நாங்கள் வீட்டுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உட்காரும்போது பத்தரை. அதற்கு மேல் வரும் ஒரு மணி நேரம்தான் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். தூக்கம் கெடுகிறது என்று தெரியாமல் இல்லை. பகலில் எனக்கென்று எதுவும் கிடைக்காததால் ராத்திரியில் பிடுங்கிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் அதுவாக இருக்கலாம். எட்டரைக்குப் பாத்திரத்தை நீங்கள் கழுவிப் பாருங்கள். அப்புறம் லாக் ஆப் தேடலாம்.

முள்ளுக்கத்தரி

ஜங்ஷன் அண்ணா, ரயில் ஏறிட்டீங்களா?

நைட்_டூட்டி

ஆம்பூர் அக்கா சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே போன். கம்பெனியில் நினைப்பு வருவதில்லை, வீட்டுப் பாயில் வருகிறது. மன உறுதி வாசலைத் தாண்டியதும் காணாமல் போய்விடுமா என்ன? பழக்கம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எங்கள் பக்கம் 'குறைத்துப் பாருங்கள்' என்று சொல்வதைவிட 'போன் ராத்திரி எங்கே இருக்கும்?' என்று கேட்போம். தலையணை அடியில் என்றால் மற்ற யோசனைகள் எல்லாம் வீண்.

லாட்ஜ்_சாவி (காந்தி ரோடு பக்கம்)

பத்து வருடத்துக்கு மேலாக லாட்ஜில் வரவேற்பில் உட்காருகிறேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் கொல்கத்தா, அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று தூரத்து ஊர்க்காரர்கள். மொழி தெரியாது, ஆள் தெரியாது. ஊரில் விட்டுவந்த பிள்ளை வீடியோ காலில் வந்தால்தான் அந்த முகங்களில் சிரிப்பைப் பார்க்க முடியும். அவர்களிடம் போய்ப் போனைக் குறை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆனால் அதே போன் ராத்திரியில் செய்வதையும் பார்க்கிறேன். சாயங்காலம் ரிப்போர்ட் வரும். டாக்டரைப் பார்ப்பது மறுநாள் காலை. நடுவில் ஒரு முழு ராத்திரி. ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்ப்பார்கள். எதைத் தேடினாலும் கூகிள் கடைசியில் கேன்சரில் கொண்டுபோய் நிறுத்தும். அப்புறம் யூடியூப், அது ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி பத்தைக் காட்டும். இரண்டு மணிக்குக் கீழே இறங்கிவந்து, கையில் பேப்பரோடு, 'பாய், இதுக்கு என்ன அர்த்தம்?' என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சாவி கொடுப்பவன். என்ன சொல்வேன்? டீ போட்டுக் கொடுப்பேன். அப்படி அழுதவர்களில் பல பேர் மறுநாள் மதியம் சிரித்துக்கொண்டே வந்து அறையைக் காலி செய்திருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதை உங்கள் மொழியில் எழுதி வையுங்கள் என்று சைகையில் காட்டுகிறேன். எழுத ஆரம்பித்தால் போன் கீழே போய்விடுகிறது.

நைட்_டூட்டி

லாட்ஜ் அண்ணா, அந்தத் தாள் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். நான்கைந்து கேள்விக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், ஓபியில் அதற்குத்தான் நேரம் இருக்கும்.

தறிக்காரன் (ஆரணி)

பட்டுத் தறி. கைக்கும் காலுக்கும் வேலை, காது மட்டும் சும்மா இருக்கிறது. நாள் முழுக்கப் போனில் பாட்டு, பட்டிமன்றம், பழைய கதைகள் ஓடும். திரையைக் கவிழ்த்துத்தான் வைப்பேன். கண் அந்தப் பக்கம் போனால் ஊடை தப்பிவிடும், பூவில் பிழை விழும், கூலியில் பிடிப்பார்கள். இந்தத் தொழிலில் போன் எனக்குத் துணை, தொல்லை இல்லை.

தொல்லை கொடுப்பது 'டிங்' சத்தம்தான். டிசைன் படம் வாட்ஸப்பில் வருவதால் அணைக்கவும் முடியாது. பார்த்தால் பாதி குட் மார்னிங் படம். யாராவது முதலாளி அனுப்புவது மட்டும் ஒலிக்கும்படி செய்யச் சொல்லிக்கொடுங்கள்.

வெயிலூரான்

அண்ணா, வாட்ஸப்பில் குரூப் பெயரைத் திறந்து மியூட் கொடுங்கள், 'எப்போதும்' என்று தேர்ந்தெடுங்கள். எல்லா குரூப்புக்கும் அதே. குரூப்பில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். முதலாளி எண்ணுக்குத் தனிச் சத்தம் வைக்கலாம், அவர் தொடர்பைத் திறந்தால் அறிவிப்பு ஒலி என்று இருக்கும்.

ராத்திரிக்கு எல்லோருக்கும் ஒன்று. 'ஆத்திர அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால்?' என்ற பயத்தில்தான் பலர் போனைப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் டூ நாட் டிஸ்டர்பில், நட்சத்திரக் குறி போட்ட எண்கள் மட்டும் ஒலிக்கட்டும் என்று வைக்கலாம். யாராக இருந்தாலும் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம். அம்மா அப்பா எண்ணுக்கு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனைக் கூடத்தில் வைத்துவிடுங்கள். மணி அடித்தால் காதில் விழும்.

கடைசி_செமஸ்டர் (காட்பாடி, ஹாஸ்டல்)

எங்கள் பிரச்சினை ரீல்ஸ்கூட இல்லை அண்ணா. பிளேஸ்மென்ட் சீசன். காலையில் கண் திறந்தால் லிங்க்டுஇன்னில் யாராவது 'மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்' என்று ஆஃபர் லெட்டர் போட்டிருப்பார்கள். இன்ஸ்டாவில் அதே ஆள் கேக் வெட்டுவான். வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, அவர்கள் யாரும் ஸ்டோரி போடுவதில்லை. பார்ப்பவனுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று தோன்றும். இன்டர்வியூவுக்கு முந்தைய ராத்திரி இதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் தூக்கம் எங்கே வரும்?

நான் செய்தது, பேட்ச் ஆட்களை இன்ஸ்டாவில் மியூட் செய்துவிட்டேன். அன்ஃபாலோ இல்லை, அவர்களுக்குத் தெரியாது. நேரில் மெஸ்ஸில் பார்க்கும்போது வாழ்த்துச் சொல்கிறேன். அது கஷ்டமாக இல்லை, ஆச்சரியம்தான்.

கோட்டை_மைதானம்

தம்பி, இதைத்தான் நானும் கணக்கில் சொல்லிக்கொடுத்தேன். ஜெயித்தவன் மட்டும் கை தூக்கும் வகுப்பில் சராசரி எடுக்கக் கூடாது.

சரி, என் தரப்பையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். 2018-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். நிறுத்தியவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் போல மிச்சமானது. மனநிலை தேறியது, ஆனால் சிறிதளவுதான். செய்தி அறிவு குறைந்தது. முக்கியமாக, சோதனை முடிந்த பிறகும் பலர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பெரிய அதிசயம் எதிர்பார்க்காமல் செய்தால் பலன் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாலாற்றங்கரை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், நன்றி. பீரோவில் கிடந்த பழைய போனில் வாட்ஸப் பிசினஸ் மட்டும் போட்டு, கடை எண்ணை அதற்கு மாற்றிவிட்டேன். அந்தப் போன் கடை மேசையிலேயே கிடக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் ஆர்டர் போட்டால் 'கிடைத்தது, காலை எட்டரைக்கு எடுத்துவைப்போம்' என்று தானாகப் பதில் போகிறது. ஒரு மெடிக்கல்காரர் மட்டும் 'என்ன சார், பெரிய கம்பெனி ஆகிட்டீங்களா?' என்று கேட்டார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி அனுப்பும் ஆர்டருக்கு ராத்திரியே பதில் வேண்டும் என்று யாரும் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

சொந்தப் போன் இன்னும் கட்டில் பக்கத்தில்தான். அலாரத்துக்கு அதுதானே.

முள்ளுக்கத்தரி

லாங் பஜாரில் அலாரம் கடிகாரம் விற்கிறார்கள் சார். பேட்டரி போட்டால் வருடம் ஓடும். ரீல்ஸ் வராது.

வாலாஜா_அம்மா

தாமதமாக வருகிறேன். மகன் நீட் இரண்டாம் முறை எழுதப் படிக்கிறான். வகுப்பு வீடியோ, டவுட் குரூப், மாதிரித் தேர்வு எல்லாம் போனில். நடுநடுவே கேம். இவன் அப்பா போன வாரம் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நைட்_டூட்டி

அக்கா, போனை முதலில் திருப்பிக் கொடுங்கள், திட்டாமல். பேச்சை அப்புறம் ஆரம்பிக்கலாம். கேட்காமல் பிடுங்கினால் பையன் ஒளித்துப் பார்க்கத்தான் கற்றுக்கொள்வான்.

சாப்பிடாதது கோபத்தாலா, வேறு ஏதாவதா என்று பாருங்கள். தூக்கம், சாப்பாடு, குளியல், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டான், 'இருந்து என்ன பயன்' என்ற மாதிரிப் பேசுகிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையமும் இருக்கிறது. கேம் பிரச்சினைதான் பெரிது என்று தெரிந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஷட் கிளினிக் 2014-லிருந்து நடக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான்.

அவ்வளவு தூரம் இல்லை என்றால் பையனோடு உட்கார்ந்து, வகுப்பு எதில் பார்ப்பது, கேம் எத்தனை மணிக்கு, ராத்திரி போன் எங்கே என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். கேமை முழுசாக நிறுத்தச் சொல்லாதீர்கள். நீட் படிக்கும் பிள்ளைக்கு மூச்சுவிட ஏதாவது வேண்டும்.

ஷூ_கம்பெனி

மே மாத வெயிலில் நம்ம ஊரில் ஐந்து மணி வரை எந்தப் பிள்ளை வெளியே போகும்? சாயங்காலம் மொட்டை மாடிக்கு அனுப்புங்க அக்கா, நீங்களும் கூடப் போங்க. போன் கீழேயே கிடக்கட்டும்.

வாலாஜா_அம்மா

எல்லோருக்கும் நன்றி. போனைக் கொடுத்துவிட்டோம், சாப்பிடுகிறான். நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். வகுப்பு வீடியோ டிவியில் போட்டுப் பார்க்கிறேன் என்றான். கேம் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை. ராத்திரி பத்துக்குப் போன் கூடத்தில் சார்ஜில் இருக்கும். அங்கே பிளக் பாயிண்ட் இல்லை, எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் அவனே சொன்னது.

ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். அப்பா போனும் அதே பத்து மணிக்கு அதே இடத்தில் இருக்க வேண்டுமாம். அவர் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

முள்ளுக்கத்தரி

பிளக் பாயிண்ட்டை இரண்டாகப் போடச் சொல்லுங்க அக்கா.